தலைகீழாகத் திருப்பிய போட்டோ

அன்புள்ள சின்னவனுக்கும் மருமகளுக்கும் அம்மா எழுதுவது. நாங்கள் எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மகள் நர்ஸ் படிப்பில் இந்த வருஷமும் முதல் மார்க். அவள் தம்பி ஓட்டப்பந்தயத்தில் வெள்ளிக் கோப்பை வாங்கி வந்து, அதை யாரையும் தொடவிடுவதில்லை. உன் அக்கா மகனுக்கு லிப்ட் ரிப்பேர் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, முதல் நாளே மாட்டிக்கொண்ட நாலு பேரை வெளியே எடுத்தானாம், அதில் ஒருவர் அவனுடைய மேனேஜர். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோன என்னுடைய பேரப்பிள்ளைகள் இப்படி என்று நான் சொல்லிச் சொல்லி, தையல்கடையில் எல்லாருக்கும் காது புளித்துவிட்டது.

இனி மற்றது. போனில் உனக்கு அரைகுறையாகச் சொன்னார்கள், நானே முழுசாக எழுதுகிறேன். போன தடவை நீ அனுப்பிய போட்டோவில் நீ மட்டும் நிற்பதாகத்தான் எனக்குத் தெரிந்தது. மருமகளைக் காணோம். உங்களுக்குள் ஏதோ மனஸ்தாபம், என்னிடம் மறைக்கிறாய் என்று மூன்று மாதம் உன்னோடு சரியாகப் பேசவில்லை, அவளை ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை. கடையிலும் நாலு சட்டைக்கு இடது கையை வைக்காமலே மடித்துக் கொடுத்திருக்கிறேன், என்னக்கா, ஒத்தக் கை ஆளுக்கா தச்சீங்க என்று கட்டிங் மாஸ்டர் கேலி செய்தார். சித்திகிட்ட ஏன் பாட்டி பேச மாட்டேங்கிற என்று நர்ஸ் பேத்தி ஒருநாள் கேட்டாள். படத்திலேயே இல்லாதவளிடம் என்ன பேச்சு என்றேன். அவள் படத்தை என் கையிலேயே தலைகீழாகத் திருப்பினாள். மஞ்சள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, உன் தோளில் கை வைத்து, மருமகள் நிற்கிறாள். அன்றைக்கே பேத்தி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

மண்டைக்குள் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. அதனால்தான் இடது பக்கம் இருப்பது எதுவும் எனக்குத் தெரிவதில்லையாம். கேன்சர் இல்லை, நல்ல கட்டிதான் என்றார் டாக்டர். நல்லதுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன், அவர் சிரிக்கவில்லை. சும்மா விட்டுவிட்டு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமாம். கதிர் வைத்தியம் செய்தால் வளராமல் நிற்கலாம், ஆனால் இவ்வளவு பெரிய கட்டிக்குக் கதிர் வைத்தால் மூளை வீங்கலாமாம். மண்டை ஓட்டைத் திறந்து எடுத்தால் கட்டி போகும், கூடவே இடது கையும் காலும் விழலாம், நான் கண் விழிக்காமலும் போகலாம். உன் அண்ணன் எடுத்துவிடலாம் என்கிறான், அக்கா வேண்டாம் என்று அழுகிறாள், நீ லீவு கிடைக்கும்வரை பொறு என்கிறாய். பொறுத்துத்தான் பார்த்தேன், இரண்டாவது ஸ்கேனில் வளர்ந்திருக்கிறது. இடது கை துணியைப் பிடிக்காவிட்டால் மெஷினில் எனக்கு வேலை இல்லை, அது தெரியும். ஆனால் போன வாரம் சாப்பிடும்போது என் இடது பக்கம் உட்கார்ந்திருந்த உன் அக்கா கண்ணில் படாமல், அவளைப் பற்றியே அண்ணனிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனபிறகுதான் தெரிந்தது. இப்படி ஒவ்வொருத்தராக என் கண்ணிலிருந்து போவதைவிடக் கை போகட்டும் என்று ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி. ஏதாவது ஆகிவிட்டால் அண்ணன்தான் தள்ளிவிட்டான் என்று நீ பேசக் கூடாது, இது நான் எடுத்த முடிவு. இந்தத் தாளில் இடது பக்கம் பாதி காலியாகக் கிடக்கிறதாம், பேத்தி சொல்கிறாள், எனக்கு அது நிறைந்துதான் தெரிகிறது.

மருமகளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடுங்கள், ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேளுங்கள், இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருங்கள். பதினெட்டுக்குள் வந்து சேரும்படி புதுப் போட்டோ ஒன்று தபாலில் போடு, மறந்துவிடாதே. எனக்காக இடம் மாறி நிற்க வேண்டாம், அவள் அதே இடது பக்கம் நிற்கட்டும். கண் விழித்ததும் திருப்பாமல்தான் பார்ப்பேன்.

இரண்டு கையும் இருக்கும்போதே எழுதிய
உன் அம்மா