கழன்ற பெட்டி

அப்பா,

தம்பி ஒரு வண்டி வாங்கி வந்திருக்கிறான். நிலாவெளியில் எங்கள் வளவுக்குள், தென்னைகளுக்கு நடுவே வெள்ளையாய் நிற்கிறது. சில்லுப் பூட்டிய வீடு என்றுதான் சொல்லவேண்டும். உள்ளே கட்டில், குசினி, சின்ன அலுமாரி, கக்கூசுகூட இருக்கிறது. தன் பிக்கப்பின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போய்க் கடற்கரையில் நிறுத்தி, வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடப்போகிறானாம். நேற்று அதன் பக்கவாட்டில் நிழலுக்குக் கட்டவென்று புதுத் தறப்பாள் ஒன்றை விரித்தான். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன் என்று பிறகுதான் யோசித்தேன். முற்றத்தில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை.

"அக்கா, நீங்கள் மெசின் பெட்டிக்குள்ள குடியிருந்த ஆள்தானே. முதல்முதல் இப்பிடி ஒண்டு வாங்கினவனுக்கு என்னென்ன சாமான் வேணும்? சொல்லுங்கோ" என்றான்.

கேலியாகத்தான் கேட்டான். அப்போது அவன் அம்மாவின் மடியில் கிடந்த குழந்தை. அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. நானும் விடுவேனா, சொல்லத் தொடங்கினேன். சில்லுக்கு அண்டை கொடுக்க மரக்கட்டை வேண்டும். நிறுத்தியதும் முதலில் கட்டை, பிறகுதான் மற்றதெல்லாம். தண்ணீருக்கு மூடி இறுகிய கான். பாரமான சாமான் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கவேண்டும், தலையணையும் பாயும் பின்னால். மாற்றி ஏற்றினால் ஓட்டத்தில் பெட்டி நாய் வால் மாதிரி ஆடும். நிலம் மட்டமா என்று பார்க்க ஒரு தட்டில் தண்ணீர் விட்டு வைத்தால் போதும். ஓட்டை அடைக்கப் பழைய ரியூப் துண்டுகள். கயிறு எவ்வளவு இருந்தாலும் காணாது. சொல்லச் சொல்ல என் வாயால் நீங்கள் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். தம்பி கேலியை விட்டுவிட்டுக் கைபேசியில் குறித்துக்கொண்டான். கொழுக்கி ஆணியைப் பற்றிச் சொல்லவேண்டிய இடம் வந்ததும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. "அடுப்பில கறி கிடக்கு" என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பை நான் மூட்டியிருக்கவே இல்லை.

உங்களுக்கும் அது முதல் பெட்டிதானே, அப்பா. உழவு மெசின் பழையது. அதற்குப் பின்னால் கொழுவி நெல் ஏற்ற அந்தப் பெட்டியை வாங்கியது சண்டை மறுபடி மூண்ட வருடத்துக்கு முந்திய போகத்தில். இலங்கைத்துறைக்கு இழுத்து வந்த அன்று சில்லின் கீழ் தேசிக்காய் வைத்து, சந்தனம் பூசி, மாட்டைக் குளிப்பாட்டுவதுபோல் தேய்த்துக் கழுவினீர்கள். "என்னைக் கலியாணம் கட்டேக்குள்ளயும் இந்த மனிசன் இவ்வளவு வடிவாப் பாக்கேல்ல" என்று அம்மா சொன்னது வேலிக்கு அப்பாலும் கேட்டிருக்கும். எங்கே நிறுத்தினாலும் ஒரு சுற்றுச் சுற்றி வருவீர்கள். சில்லைக் காலால் தட்டி, கயிற்றை இழுத்துப் பார்த்து, கடைசியில் குனிந்து, பெட்டியை மெசினோடு பூட்டும் கொழுக்கி ஆணியையும் அதன் அடியில் குறுக்கே போட்ட சின்னக் கம்பியையும் தொட்டுப் பார்ப்பீர்கள். அந்தக் கம்பி இல்லாவிட்டால் ஆணி குலுங்கிக் குலுங்கி மேலே வந்துவிடும் என்பீர்கள். "பெட்டி இழுக்கிறவனுக்குக் கண் முதுகில இருக்கோணும்" என்பது உங்கள் பேச்சு.

நெல் ஏற்ற வாங்கிய பெட்டியில் நாங்கள் ஏறினோம். ஷெல் விழத் தொடங்கியதும் ஊரே வெருகல் பக்கம் நகர்ந்தது. தறப்பாளைக் கூரையாக வளைத்துக் கட்டி, அரிசி மூட்டை, சட்டி பானை, கோழிக்கூடு எல்லாவற்றையும் ஏற்றினீர்கள். முதல் தங்கல் ஒரு பள்ளிக்கூட வளவில். அங்கேதான், விடிந்து முகம் கழுவப் போன இடத்தில், நான் பெரியபிள்ளை ஆனேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் முதலில் செய்தது உங்களைத் தேடியது. நீங்கள் அந்தப் பக்கம் இல்லை என்று கண்டதும் என்னைப் பெட்டிக்குள் தள்ளிப் பின்பக்கத்தில் தன் சேலையைத் திரையாகக் கட்டினார். "கோதாரி விழுந்த நேரம் பாத்து வந்திருக்கு" என்று முணுமுணுத்தார். குடிக்கத் தர முட்டையும் நல்லெண்ணெயும் இல்லை. பக்கத்தில் இரும்பு வைக்கவேண்டும் என்று உங்கள் சில்லுக் கழற்றும் லீவரை எடுத்து மடியருகே வைத்தார். "தண்ணி வாக்கும்வரைக்கும் ஆம்பிளையள் உன்ர முகத்தைப் பாக்கக் கூடாது. கொப்பரும் பாக்கக் கூடாது. சத்தம் போட்டுக் கதையாதை. குரலும் வெளியில கேக்கக் கூடாது, என்ன?" ஓம் என்று தலையாட்டினேன். அந்த வளவு நிறையத் தெரிந்த முகங்கள். பின்துணி நனைந்திருக்குமோ, யாரும் கண்டிருப்பார்களோ என்ற நினைப்பைவிட ஷெல் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

திரைக்கு அப்பால் அம்மா உங்களிடம் சொன்னது கேட்டது.

"அப்ப நான் அங்கால வரமாட்டன்" என்றீர்கள். "ஆணியை நீர் ஒருக்காப் பாரும்."

அம்மா போய்ப் பார்த்தார். "கிடக்குது" என்றார். ஆணி கிடந்தது உண்மைதான். குறுக்குக் கம்பி கிடக்கவில்லை. முதல்நாள் பின்னேரம் மணலில் புதைந்த ஒருவரின் வண்டியை இழுத்துவிடப் பெட்டியைக் கழற்றியிருந்தீர்கள். திரும்பக் கொழுவியபோது ஆணியைப் போட்டுவிட்டுக் கம்பியைச் சட்டைப் பைக்குள்ளேயே மறந்துவிட்டீர்கள். புறப்படுமுன் சுற்றி வந்திருந்தால் கண்டிருப்பீர்கள். என்னால்தான் சுற்றி வரவில்லை.

தம்பிக்குக் காய்ச்சல். அவன் என்னைத் தொட்டால் துடக்கு என்று அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கத்தில் மட்கார்ட்டில் ஏறிவிட்டார். பெட்டிக்குள் நான் தனியே. வெருகலுக்குப் போகும் வீதியில், ஒரு பள்ளமான இடத்தில் ஷெல் ஒன்று கிட்டவாக விழுந்தது. மெசின் ஒரு துள்ளுத் துள்ளிப் பாய்ந்தது. ஆணி மேலே எழும்பிக் கழன்று, பெட்டி மூக்குக் குத்திக்கொண்டு நின்றது. அரிசி மூட்டையும் கோழிக்கூடும் என்னையும் சேர்த்து முன்னால் வழுக்கி வந்தன. தறப்பாளின் ஓட்டையால் பார்த்தேன். அம்மா தம்பியை மடிக்குள் அமுக்கிக் குனிந்திருந்தார். நீங்கள் முதுகை நிமிர்த்தி முன்னாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினீர்கள். மெசின் சிறுத்துக்கொண்டே போய் வளைவில் மறைந்தது.

மெசின் லேசாகப் போனது உங்களுக்குத் தெரிந்ததாம். பிறகு அம்மாவிடம் சொன்னீர்களாம். ஷெல்லுக்குப் பயந்த வேகம் என்று நினைத்தீர்களாம், திரும்பினால் திரை விலகியிருந்து என்னைக் கண்டுவிடுவீர்களோ என்று திரும்பவில்லையாம்.

நான் வாயைத் திறந்தேன், அப்பா. சத்தம் வரவில்லை. வீதியில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், எல்லாம் ஆம்பிளைக் குரல்கள். ஒருவரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் திரையை விலக்குவார்கள், இந்தக் கோலத்தில் காண்பார்கள் என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது ஒரு மெசின் பக்கத்தில் வந்து நின்றது. பெட்டி இல்லாத வெறும் மெசின். அதில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஒரு கிழவி மட்கார்ட்டைக் கட்டிப் பிடித்திருந்தார்.

"ஆரோ பெட்டியை விட்டுட்டு ஓடிட்டாங்கள்" என்றது ஒரு குரல். "கொழுவடா. ஆச்சியைப் படுக்க வைக்கலாம்."

"உள்ளுக்க ஆரும் இருக்கிறியளோ?" என்று இன்னொருவர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் மூச்சுக்கூட விடவில்லை. பெட்டியின் மூக்கைத் தூக்கினார்கள். கொழுக்கி பொருந்துகிற சத்தம் கேட்டது. இனி என்னைத் தெரியாத ஆட்களோடு தெரியாத ஊருக்கு இழுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று விளங்கியது. அப்படி விளங்கியும் நான் வாய் திறக்கவில்லை. இதை யாருக்கு எப்படிச் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

வளைவுக்கு அப்பால் மெசினை விட்டுவிட்டு நீங்கள் ஓடி வந்த செருப்புச் சத்தத்தை நான் அறிவேன். ஒரு செருப்புத்தான் காலில் இருந்தது.

"அது என்ர பெட்டி! விடுங்கோ! உள்ளுக்க என்ர பிள்ளை இருக்கு!"

"பிள்ளையோ? நாங்கள் கேட்டனாங்கள், ஒரு சத்தமும் இல்லையே. பிள்ளை இருந்தாக் கத்தியிருக்காதோ?"

இன்னும் ஒரு வீட்டுக்கும் சொல்லவில்லை, மாமனுக்குத் தகவல் போகவில்லை, வெடி கொளுத்தவில்லை. முறையாக, மெல்ல, சொந்தக்காரருக்குச் சொல்லவேண்டிய சேதி அது. அதை நீங்கள் நடு வீதியில் நின்று, முன்பின் தெரியாத மனிதரிடம், போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் கேட்கக் கத்தினீர்கள்.

"என்ர பிள்ளை பெரியபிள்ளை ஆகியிருக்கு ஐயா! அதுதான் கத்தேல்ல!"

பூமி பிளந்து உள்ளே போகலாமா என்றிருந்தது எனக்கு. உங்கள்மேல் அந்தக் கணத்தில் வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஓட்டையால் பார்த்தேன். அத்தனை ஆம்பிளையளும் பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். ஷெல் விழுகிற வீதியில், வயற்பக்கம் பார்த்துக்கொண்டு, வரிசையாக. அந்தக் கிழவி மட்டும் பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நாங்கள் இழுத்துக்கொண்டு போய் உங்கட மெசினடியில விடுறம், அண்ணை" என்றார் அந்த மனிதர். "இந்தாங்கோ, ஆணிக்குக் கம்பி."

"கம்பி என்னட்ட இருக்கு" என்றீர்கள். பைக்குள் கைவிட்டு எடுத்திருப்பீர்கள். அதன் பிறகு நீங்கள் அழுத சத்தத்தைத்தான் கேட்டேன். அதற்கு முன் அதை நான் கேட்டதில்லை.

பெட்டியின் பின்பக்கம் வந்தீர்கள். திரைக்கு முதுகைக் காட்டி நிற்பது நிழலில் தெரிந்தது. "பிள்ளை, இருக்கிறியோ?" என்று கேட்டீர்கள். எனக்கு அப்போதும் குரல் வரவில்லை. பின்பக்கமாக நகர்ந்து லீவரால் பலகையில் ஒரு தட்டுத் தட்டினேன். உங்கள் கை பின்னால் வளைந்து திரைக்குள் வந்து, மூட்டைகளைத் தடவித் தடவி என் காலைக் கண்டுபிடித்துப் பெருவிரலை இறுகப் பிடித்தது. துடக்கு என்று நான் காலை இழுத்தேன். நீங்கள் விடவில்லை.

"நான் பாக்கேல்ல பிள்ளை" என்றீர்கள். "நான் ஒண்டும் பாக்கேல்ல."

வெருகலில் கோயிலுக்குக் கிட்ட மர நிழலில் பல மாதம் அந்தப் பெட்டியில் குடியிருந்தோம். ஆற்றில்தான் எனக்குத் தண்ணீர் வார்த்தார்கள். அந்தக் கிழவியும் வந்து ஒரு குடம் ஊற்றினார். நீங்கள் பெட்டிக்கும் மெசினுக்கும் இடையில் ஒரு சங்கிலி கூடுதலாகப் போட்டீர்கள். அதோடு ஒரு கயிற்றின் ஒரு நுனியைப் பெட்டிக்குள் என் கைக்கெட்டும் இடத்தில் கட்டி, மற்ற நுனியை ஓடும்போதெல்லாம் உங்கள் புயத்தில் கட்டிக்கொண்டீர்கள். "கத்த வெக்கமெண்டா இதை இழு" என்றீர்கள். காரணமே இல்லாமல் பலதடவை இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் நிறுத்தினீர்கள். ஒருநாளும் ஏசவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் என் முகத்தை நேராகப் பார்த்துக் கதைத்ததில்லை. என் காலைப் பார்ப்பீர்கள், சுவரைப் பார்ப்பீர்கள். கலியாணத்தில் ஆசீர்வதித்தபோதும் மாலையைத்தான் பார்த்தீர்கள். விட்டுவிட்டுப் போனேனே என்ற வெட்கம் உங்களுக்கு, கத்தவில்லையே என்ற வெட்கம் எனக்கு. ஒரே வீட்டில் இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். பிள்ளை இருந்தால் கத்தியிருக்காதோ என்று அந்த மனிதர் கேட்டது நியாயமான கேள்வி. இன்றைக்கும் நிலாவெளி பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் எனக்கு வாய் திறக்க ஏலாது. யாராவது இறங்கினால் கூட இறங்குவேன். இல்லாவிட்டால் அடுத்த தரிப்பில் இறங்கி வெயிலில் திரும்பி நடப்பேன். என் மகள் இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

போன மாரியில் நீங்கள் போனீர்கள். முற்றத்தில் கிடத்தியிருந்த உங்களைச் சுற்றிப் பெண்கள் தலைவிரித்து ஒப்பாரி சொன்னார்கள். நான் தூணோடு இருந்தேன். "பெத்த தகப்பன் கிடக்குது, மூச்சுக் காட்டுறாளில்லை" என்று ஒரு மாமி சொன்னது காதில் விழுந்தது. அழுகை இருந்தது, அப்பா. சத்தமாக வெளியே வர அதற்கு வழி தெரியவில்லை.

சுடலை தூரம் என்று மெசின் பெட்டியில்தான் உங்களை ஏற்றினார்கள். பெண்கள் வாசல் படலையோடு நிற்கவேண்டும். நின்றோம். மெசினை இயக்கினார்கள். பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கி நகர்ந்தது. ஒழுங்கையில் அது சிறுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்த நான், எப்படி என்று எனக்கே தெரியாது, வீதிக்கு இறங்கிவிட்டேன்.

"அப்பா! நில்லுங்கோ! நான் இஞ்ச இருக்கிறன்! நான் இஞ்ச இருக்கிறன், அப்பா!"

அது என் குரல்தானா என்று தெரியாத அளவுக்குப் பெரிய சத்தம். மெசின் ஓட்டிய பெடியன் என்னவோ ஏதோ என்று பயந்து பிரேக்கை மிதித்துவிட்டான். பெட்டி நின்றது. பின்னால் நடந்த ஆம்பிளையள் எல்லோரும் திரும்பி என்னையே பார்த்தார்கள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. இன்றுவரை தின்றுகொண்டுதான் இருக்கிறது. நான் அசையாமல், முகத்தை மூடாமல், அந்தப் பெட்டி திரும்பவும் நகரும்வரை வீதி நடுவில் நின்றேன்.