மாலா, புத்தகத்தை நம்பி ஹனோய் போய் வந்தேன்

என் மாலாக் கண்ணுக்கு,

நான் வியட்நாம் போய்விட்டு வந்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியிலேயே "அக்கா, விஷயத்துக்கு வா" என்பாய். தனியாகத்தான் போனேன். நம் வியட்நாம் வழிகாட்டிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

கம்பெனி பஸ் இன்னும் அதே நேரத்துக்குத்தான் மணவாள நகர் வருகிறது. ஜன்னலோரம் நீ, பக்கத்தில் நான், மடியில் புத்தகம் என்று கும்மிடிப்பூண்டிக்கு எத்தனை வருஷம் போயிருப்போம்? உன் இடத்தில் இப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி உட்காருகிறாள். நல்ல பெண்தான். ஏறியதும் தூங்கிவிடுகிறாள்.

இரண்டு பேரும் வியட்நாம் போக அச்சடித்த புத்தகத்தை நம்பலாமா என்று நாம் போட்ட சண்டை அந்த பஸ்ஸுக்கே தெரியும். "அச்சுல போட்டா அப்பால மாத்த முடியாது. அதனால பார்த்துதான் போடுவான்க்கா" என்பாய். "மாத்த முடியாதுன்றதாலதாண்டி அது பழசாயிடுது" என்பேன் நான். என் மகன் குமரனுக்கு இரண்டுமே சிரிப்பு. "இன்னாம்மா, எல்லாம் போன்லயே கீது. செங்கல்லு மாதிரி அத்த எவன் தூக்கினு போவான்?"

கடைசியில் நீதான் வழி கண்டுபிடித்தாய். நாம் பார்ப்பது குவாலிட்டி வேலை. லாரியில் வந்து இறங்கும் ரப்பர் பாகங்களை அப்படியே உள்ளே விடுகிறோமா என்ன? நாலைந்தை எடுத்து அளந்து பார்த்த பிறகுதானே பச்சை ஸ்டிக்கர். "புக்குக்கும் சாம்பிள் எடுப்போம்க்கா. நமக்குத் தெரிஞ்ச ஊரைப் பத்தி இன்னா எழுதிக்கிறான்னு பார்ப்போம்" என்றாய். வியட்நாம் புத்தகத்தைப் போட்ட அதே பதிப்பகம் இந்தியாவைப் பற்றிப் போட்டிருந்த புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் பிடித்தாய். அதைக் கையில் வைத்துக்கொண்டு, நீ பிறந்த பழவேற்காட்டுக்கே என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

ஏரியின் படம் சரி. பனிக்காலத்தில் பூநாரை வரும் என்றது சரி. டச்சுக்காரர் கல்லறை இருக்கும் இடமும் சரி. படகுக்குப் போட்டிருந்த விலைதான் எந்தக் காலத்துடையதோ, படகுக்காரர் சிரித்தே விட்டார். "சாப்பாடு கிடைக்காது, கையில் எடுத்துச் செல்லவும்" என்ற வரியைப் படித்ததும்தான் உனக்குக் கோபம் வந்தது. "எங்கம்மா ஊட்டாண்ட வந்து ஒரு வாய் துன்னுட்டு எழுதியிருக்கணும்" என்றாய்.

அன்று உன் அம்மா வைத்த இறால் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்பும் சொன்னாய். "நகராததுக்கு புக்கு, நகர்றதுக்கு போனு. அவ்ளோதாங்க்கா." அதற்குமேல் நான் வாதாடவில்லை. வியட்நாம் புத்தகத்துக்குப் பச்சை ஸ்டிக்கர் கிடைத்துவிட்டது.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. கீமோவுக்குப் போகிறபோதும் "பாஸ்போர்ட்ட பத்திரமா வையி" என்றாய். போன ஆடியில் நீ போனதும் நான் அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். துணையில்லாமல் எங்கே போவது? "டூர்ல போம்மா, இல்லாங்காட்டி உட்டுடு" என்றான் குமரன். டூர் என்றால் கொடி பிடிப்பவர் பின்னால் ஓட வேண்டும். நாம் பேசி வைத்தது அந்தப் பயணம் இல்லையே. வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவிலேயே என் காலம் போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது, மாலா. அந்தப் பயத்தில்தான் டிக்கெட் போட்டேன்.

ஹனோயில் முதல் நாளே புத்தகம் காலை வாரிவிட்டது. அது புகழ்ந்து எழுதியிருந்த காபிக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். போனில் தேடினேன், எதிர்ச்சாரியில் வேறொரு கடையைக் காட்டியது. ஆனால் அந்தச் சாலையை எப்படிச் சொல்வேன்? ஈசல் மாதிரி ஸ்கூட்டர்கள், ஒன்றும் நிற்கவில்லை. ஹைவேயைக் கடக்க நாம் செய்வதுபோலவே கையைக் காட்டிக்கொண்டு ஓடினேன். பாதியில் பயந்து பின்வாங்கினேன்.

என்மேல் மோதாமல் இருக்க ஒரு ஸ்கூட்டர் சறுக்கி நின்றது. அதில் கட்டியிருந்த கூடை சரிந்து ஆரஞ்சுப் பழங்கள் ரோடெல்லாம் உருண்டன. ஓட்டி வந்த அம்மாள் பிடித்துத் திட்டினாள். பாஷைதான் புரியவில்லை, திட்டு நன்றாகவே புரிந்தது. பழங்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சும்மா புத்தகத்தைப் புரட்டினால், ரோட்டைக் கடப்பது எப்படி என்று தனியாக ஒரு பத்தியே இருக்கிறது. ஓட வேண்டாம், நிற்க வேண்டாம், பின்வாங்கவே வேண்டாம், ஒரே சீராக மெதுவாக நடந்தால் வண்டிகளே ஒதுங்கிப் போகும் என்று எழுதியிருக்கிறான். போனில் நான் கடையைத்தான் தேடினேன், கடையைக் காட்டியது. இதையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாம் கேட்கத் தெரியாததையும் யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்களே, அதற்காகவாவது புத்தகம் வேண்டும் இல்லையா?

எழுந்து நடந்தேன். ஓடவில்லை, நிற்கவில்லை. ஸ்கூட்டர்கள் இரண்டு பக்கமும் விலகிப் போயின. எதிர்ப்பக்கம் நடைபாதையில் ஏறியதும், உன்னைப் பிடித்து மேலே ஏற்றக் கையைப் பின்னால் நீட்டினேன். நீ இல்லை. அங்கேயே நின்று அழுதேன். அப்புறம் கடைக்குள் போய் முட்டை அடித்து ஊற்றிய காபி குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாள் காலையில் அந்த ரோட்டை வேண்டுமென்றே போயும் வந்தும் கடந்தேன்.

அடுத்த வருஷம் கம்போடியா. அதற்கான புத்தகத்தைப் புதுப் பதிப்பாகப் பார்த்து வாங்கிவிட்டேன். கட்டாயம் போவேன், யார் சொன்னாலும் நிற்க மாட்டேன். அங்கேயும் ஒவ்வொரு ரோட்டைக் கடந்ததும் என் கை பின்னால் நீளும். அதை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன், மாலா.

பஸ்ஸில் உன் பக்கத்து சீட்டு,
வசந்தி அக்கா