வாறவனுக்கு ஒரு பீங்கான்

2014 டிசம்பர் 20, சனி

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஈரச் சாக்குப்போல வானம். நாளைக்குச் சொசேஜ் போடும் நாள். வாங்க வேண்டியவை: பன்றித் தோள் இறைச்சி, உப்புப் போட்ட குடல், மிளகு, உள்ளி. மணத்துக்குப் போடும் மயோரான் இலை கிடக்கிறது, மனிசி ஹலினாவின் தங்கை போலந்திலிருந்து அனுப்பியது.

உள்ளி ரூ பிலிப்-து-ஜிரார் தெருத் தமிழ்க் கடையில். இவ்வளவும் என்ன, கலியாண வீடோ என்று கடைக்காரர். மனிசியின் ஊர்ச் சொசேஜுக்கு என்றேன். சிரித்தார். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் இந்தத் தெருவில் ஹலினா இன்னும் 'போலந்துக்காரி'தான்.

பின்னேரம் புறநகர் கார்ஜிலிருந்து அக்காவின் போன். சுற்றிவளைக்கவில்லை. ஐயரிடம் கேட்டாளாம். செத்த நாள் தெரியாதவர்களுக்குத் தை அமாவாசையில் திவசம் செய்யலாமாம். எங்கள் கடைசித் தம்பிக்கு நான்தான் செய்ய வேண்டும். 25ஆம் திகதி நத்தாருக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

"சின்னவன் பசியோட அலையிறான். எனக்குக் கனவிலை வாறான்," என்றாள்.

அவன் செத்தது என்று யார் சொன்னது? கேட்கவில்லை. அடுப்பில் சூப் என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

21, ஞாயிறு

குளிர். நல்லது, இறைச்சிக்கு. சமையலறை இன்றைக்கு ஹலினாவின் ஆட்சி. பாதி இறைச்சி கத்தியால், பாதி மெஷினில். குளிர்ந்த தண்ணீர் விட்டு, கையில் ஒட்டும்வரை பிசைய வேண்டும். எனக்கு விரல் விறைத்துப்போனது. ஒரு துண்டு பொரித்து ருசி பார்த்தோம். உப்புக் காணாது என்றேன், காணும் என்றாள். ஒவ்வொரு வருடமும் இதே சண்டை, அவள்தான் வெல்வாள். மகள் மெஷின் வாயில் குடலைப் பிடித்துக்கொண்டு 'தேகுலாஸ், தேகுலாஸ்' என்று அருவருத்தாள். விடச் சொன்னால் விடவும் இல்லை.

தும்புத்தடியை யன்னலுக்குக் குறுக்கே வைத்து எல்லாவற்றையும் தொங்கவிட்டோம். கடைசியாக ஒன்று, சிவப்பு நூலால் கட்டியது. அது சின்னவனுடையது.

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் வன்னியிலிருந்து ஒருவரிடம் பன்றி வத்தல் கொடுத்துவிட்டிருந்தான். அடுப்புக்கு மேலே கட்டிப் புகையில் காயவைத்தது. பொதியைப் பிரித்ததும் ஹலினா கையில் எடுத்து மணந்துபார்த்தாள். தன் அப்பாவின் வீட்டு மணம் என்றாள். அன்றைக்கே போனில் அவனுக்குத் தன் சொசேஜைப் பற்றி அரைகுறைத் தமிழில் விளக்கம். "எனக்கும் ஒண்டு கட்டி வையுங்கோ அண்ணி, வாறன்," என்றான்.

2009 மேக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. முகாமில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை, கண்டவர்களும் இல்லை. ஹலினா மட்டும் ஒவ்வொரு வருடமும் கட்டுகிறாள். அதை நாங்கள் சாப்பிடுவதில்லை. நத்தார் முடிந்து எங்கள் மணியை முதலில் அடிப்பவருக்குக் கொடுப்பது. போன வருடம் புதுவருடக் கலண்டர் விற்க வந்த தீயணைப்புக்காரன். வாங்கிக்கொண்டு திகைத்துப்போய் நின்றான்.

22, திங்கள்

வேலை. ரெஸ்டோரண்டில் சனம் முட்டி வழிந்தது.

திரும்பும்போது லா சப்பல் மெற்றோப் படியில் எனக்கு முன்னால் ஒருவன். இடது காலை இழுத்து இறங்கினான். சின்னவனும் அப்படித்தான், சைக்கிளால் விழுந்த நாளிலிருந்து. எட்டிப் பிடிக்க மனம் வரவில்லை, விடவும் வரவில்லை. நகைக்கடை, சேலைக்கடை எல்லாம் தாண்டிப் பின்னாலேயே போனேன். அவன் நின்று திரும்பினான். மட்டக்களப்புப் பக்கத்துப் பொடியன். சப்பாத்துக் கடிக்கிறதாம்.

"என்னண்ணே, ஆரையும் தேடுறீங்களா?"

இல்லை என்றேன். பிறகு ஓம் என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

24, புதன்

இன்றைக்கு அவர்களுடைய பெரிய இரவு. மச்ச மாமிசம் கூடாது. மீன் மட்டும் மச்சமில்லையாம்! இந்த நியாயத்தைக் கேட்டால் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். சொசேஜ் தலைக்கு மேலே மணக்கிறது, தொட முடியாது. முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் மேசைக்குப் போகலாம். மகள் யன்னலில் நின்று பார்த்து, ஏதோ ஒரு விமானத்தைக் காட்டி நட்சத்திரம் என்றாள். பசி.

எங்கள் மூவருக்கும் பீங்கான், நாலாவதாக ஒரு வெறும் பீங்கான். கரண்டி, முள்ளுக்கரண்டி, கிளாஸ் எல்லாம் முறையாக. யாராவது கதவைத் தட்டினால் அவருக்கு. ஹலினா வீட்டு வழக்கம். எங்கள் வீட்டில் அது மறுநாள் சாப்பாடு முடியும்வரை மேசையில் இருக்கும். சாப்பிடும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன். இன்றைக்கு முடியவில்லை. படியில் யார் ஏறினாலும் வாய்க்குள் போட்டதை மெல்லாமல் வைத்திருந்தேன். எல்லாரும் மேல்மாடிக்குத்தான் போனார்கள்.

25, வியாழன்

எழுத வரவில்லை. எழுதாவிட்டாலும் நித்திரை வராது.

அக்கா காலையிலேயே வந்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி, சோறு, சம்பல். அத்தானுக்கு வேலை. ஹலினா சொசேஜுக்குத் தொட்டுக்கொள்ளும் காரவேரைத் துருவிக் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள், சொசேஜ் என் பொறுப்பு. அக்கா சமையலறை வாசலில் நின்று ஐயர், அமாவாசை என்று தொடங்கினாள். பதில் சொல்லாமல் இருப்பதற்காகத் தடியில் இருந்ததையெல்லாம் மளமளவென்று அறுத்துச் சட்டிக்குள் போட்டேன். தண்ணீரில் சிவப்புச் சாயம் இறங்கியபோதுதான் கண்டேன். சின்னவனுடையதும் உள்ளே. ஹலினாவுக்குச் சொல்லவில்லை.

பரிமாறினேன். அக்காவுக்கு, மகளுக்கு, ஹலினாவுக்கு. பிறகு கை தானாக அந்த வெறும் பீங்கானுக்குப் போய் ஒரு துண்டு வைத்தது. யோசித்து வைக்கவில்லை. வெறும் பீங்கானைத் தாண்டிப் போக எங்களுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அக்கா எழும்பினாள். ஒரு பிடி சோறு வைத்தாள், கறி வைத்தாள். கிளாஸில் தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வைத்தாள். படையல்.

"உன்ர கையாலையே வைச்சிட்டாய் தம்பி. இனி நீ எனக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

அழுதாள். அழுது முடிய அவள் முகம் தெளிந்திருந்தது. எத்தனையோ வருடமாகப் பார்க்காத முகம். அதைக் கண்ட பிறகு எப்படி அந்தப் பீங்கானைத் தூக்குவது?

ஹலினா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். அக்காவிடம் பழகிய தமிழில் மெதுவாகச் சொன்னாள்:

"வெறும் பீங்கான் எண்டா வாற ஆளுக்கு. சாப்பாடு வைச்சா வராத ஆளுக்கு."

மகள் பிரெஞ்சில், சித்தப்பா செத்துவிட்டாரா என்று என்னைக் கேட்டாள். தலையைக் குனிந்து சாப்பிட்டேன். உப்பு இந்த முறை சரி.

அக்கா படையலை யன்னல் விளிம்பில் காகத்துக்கு வைத்தாள். இங்கே எங்கே காகம்? புறாக்கள்தான் வந்தன. சோற்றைத் தின்றன, இறைச்சியை விட்டுவிட்டன. போகும்போது வாசலில், ஐயருக்குச் சொல்லிவிடுகிறேன் என்றாள். ம் என்றேன்.

நான் அவனைக் கொன்றுவிட்டேன். வேறு எப்படி எழுதுவது.

26, வெள்ளி

ஹலினா வேலைக்கு. மகள் சிநேகிதி வீட்டில். எனக்கு லீவு. தடி வெறுந்தடி. அதை எடுத்து மூலையில் வைக்கவும் மனமில்லை.

மத்தியானம் மணி அடித்தது. எழுந்து கதவுவரை போனேன். நத்தாருக்குப் பிறகு முதல் ஆள், கொடுப்பதற்கு வீட்டில் ஒன்றும் இல்லை. கை பூட்டில். திறக்கவில்லை. மறுபடி அடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், கடன்காரனுக்கு ஒளிப்பவன் மாதிரி.

பிறகு படி இறங்கும் சத்தம். ஒரு அடி, ஒரு இழுவை. ஒரு அடி, ஒரு இழுவை.

திறந்து ஓடியபோது கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம். வெளியே ஒருவரும் இல்லை.

27, சனி

தூறல். தபால் பெட்டியில் துண்டு: நேற்றுப் பொதி வந்ததாம், வீட்டில் ஆள் இல்லையாம். ஹலினாவின் தங்கை காய்ந்த காளான் அனுப்பியிருக்கிறாள். ஆகவே தபால்காரன். சில்லுவண்டியைப் படிப்படியாக இழுத்து இறங்கியிருப்பான். விளங்குகிறது. நான் ஒன்றும் பைத்தியமில்லை.

ஹலினா ஒன்றும் கேட்காமல் ஒரு முழக் குடலைத் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறாள், பக்கத்தில் சிவப்பு நூல்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். ஐயரை வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். ஏன், நீதானே வைச்சாய் என்று கோபப்பட்டாள்.

"நேற்று மணி அடிச்சது அக்கா. நான் திறக்கேல்லை."

அந்தப் பக்கம் அவள் கதிரையை இழுத்து உட்காருவது கேட்டது.

"காலை இழுத்துக்கொண்டோ போனவன்?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.