இரண்டு படத்திலும் நீ மட்டும் தெளிவு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ நன்றாக இருக்கிறாய் என்பது அனுப்பிய படங்களிலேயே தெரிந்துவிட்டதால் நலம் விசாரிக்கும் வேலை எனக்கு மிச்சம். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும் வருகிறது, கடைக்குப் போகச் சொன்னால் படி இல்லாமலே வருகிறது, மற்றபடி எல்லோரும் சுகம்.

நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணை எங்களுக்குக் காட்டுவதற்காக அனுப்பிய படங்கள் இரண்டையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் படத்தில் நீ ஜன்னலோர வெளிச்சத்தில் நிற்கிறாய், சட்டைப் பட்டனில் நூல் பிரிந்திருப்பது வரை தெரிகிறது, அலமாரிப் பக்கம் நிழலில் ஏதோ நிற்கிறது, நான் துணி மாட்டும் ஸ்டாண்ட் என்று நினைத்தேன், அதற்குக் கைகள் இருப்பதை அப்பாதான் கண்டுபிடித்தார். இரண்டாவதில் நீ வாசல் நிழலில் நிற்கிறாய், அவள் வெயிலில் நிற்கிறாள், அதாவது வெயில் நிற்கிறது, அதில் இரண்டு புருவங்கள் மிதக்கின்றன. உன் அத்தை முதல் படத்தைப் பார்த்துவிட்டு நிறம் குறைவு என்றாள், அடுத்ததைப் பார்த்துவிட்டு ரத்தம் குறைவு என்றாள். அப்பா மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவனை எனக்கு முன்னாலயே தெரியும். அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்காம நான் எப்படிச் சம்மதம் சொல்றது?" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். உனக்கு இன்னும் பதில் வராததற்கு அதுதான் காரணம், அவர் கோபமாக இருக்கிறார் என்று நீயாக முடிவு செய்து அவளைப் பயமுறுத்தி வைக்காதே.

கேமராமேல் குற்றமில்லை. நீ இங்கே விட்டுப்போன பெட்டியில் அதன் கையேடு கிடந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். நான் பிரித்துப் படித்தேன். ஒளியை அளக்க அதில் மூன்று வழி சொல்லியிருக்கிறது. படம் முழுவதையும் பார்த்துப் பொதுவாக ஒரு முடிவுக்கு வருவது ஒன்று, எல்லாப் பக்கத்தையும் பார்த்தாலும் நடுவில் இருப்பதற்குக் கொஞ்சம் மரியாதை கூட்டித் தருவது ஒன்று, ஒரே ஒரு புள்ளியை அளந்துகொண்டு மற்றதெல்லாம் எக்கேடு கெட்டால் என்ன என்று விட்டுவிடுவது ஒன்று. ரிமோட்டைக் கையில் வைத்து நீயே எடுத்ததாக எழுதியிருந்தாயே, அப்போது மூன்றாவது வழியைப் பிடித்து, இரண்டு முறையும் அந்தப் புள்ளியைக் கொண்டுபோய் உன் மூக்கின்மேலேயே வைத்திருக்கிறாய். வெளிச்சத்தில் நின்ற உனக்குச் சரிசெய்ததில் நிழலில் நின்றவள் இருண்டாள், நிழலில் நின்ற உனக்குச் சரிசெய்ததில் வெயிலில் நின்றவள் வெளுத்தாள். பாவம், அவள் இடம் மாறிப் பார்த்தும் பலனில்லை. படம் கெட்டதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் இதே முறையை வைத்துக்கொண்டு, அவள் முகம் ஏன் இருண்டு கிடக்கிறது என்று எனக்குப் போன் செய்வாயே என்றுதான் கவலை.

ஆகவே இன்னொரு படம் எடு. இரண்டு பேரும் ஒரே நிழலில் நில்லுங்கள், அல்லது முழுப்படத்தையும் அளக்கும் வழிக்கு மாற்று, இரண்டும் உன்னால் ஆகாதென்றால் அந்தப் புள்ளியை அவள் கன்னத்தில் வை. நீ கறுத்தாலும் வெளுத்தாலும் பரவாயில்லை, உன்னை நாங்கள் பார்த்தாயிற்று.

அவளுக்கு எங்கள் நிறைந்த ஆசி, மிச்சமிருப்பது உனக்கு. நேரத்துக்குச் சாப்பிடு. மறக்காதே, அந்தப் படத்தை நீ அனுப்ப வேண்டாம், அவளை அனுப்பச் சொல். பதிலை அவளுக்கே எழுதப்போவதாக அப்பா சொல்கிறார்.

அன்புடன்,
அம்மா