சுவரில் ஒட்டிய பாஸ்வேர்ட்

வெள்ளிக்கிழமை, லூனாஸ், மலேசியா.

எழுத்து கோணலாகத்தான் வருகிறது. முதியோர் வகுப்பில், அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகிய கை, மன்னிக்கவும்.

திங்களன்று தொழிற்சாலையின் கணினி அறையைக் கூட்டும்போது அங்கிருந்த போன் அடித்தது.

“ஹெட் ஆபீஸ்லருந்து பேசுறேன் அங்கிள். சுவத்துல ஒட்டியிருக்கிற பாஸ்வேர்ட படிக்கத் தெரியுமா?”

“ஏன் தெரியாது லா!” ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன்.

“கெட்டிக்காரர் அங்கிள் நீங்க!”

அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம்.

இன்று எல்லாக் கணினிகளும் முடங்கிவிட்டன. திருடர்கள் அந்தப் பாஸ்வேர்டை வைத்து நுழைந்தார்களாம். நெட்வொர்க்கைப் பார்க்கும் தேவியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். “நான் யாருக்குமே சொல்லல அங்கிள்” என்று என்னிடமே அழுதாள்.

போனில் வாசித்தது நான்தான் என்று நேரில் சொல்லத் துணிவில்லை. நாளை மேலாளருக்கு எழுதிக் கொடுப்பேன். அதுதான் என் முதல் கடிதம். வேலை போனாலும் அடுத்த வாரமும் இந்த வகுப்பு நோட்டில் எழுதுவேன்.