கொண்டைக் கோமளம் காலில் விழவில்லை

ஏம்பலத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, களத்தில் கூடித் தீர்ப்புச் சொல்லிப் பழகிய உறவினர்களே! வருகிற ஞாயிறு மாலை உங்கள் தெருவில் ஒரு குடும்பப் படம் காட்டப் போகிறீர்கள். அந்தப் படம் சொல்வது பொய். அந்தப் பொய்யை நம்பி, இருபது ஆண்டுகளுக்கு முன் இவ்வூர்ப் பெண் ஒருத்தியை அவள் விரும்பாத வீட்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள். இன்று அதே படத்தைக் காட்டி அவள் மகளையும் அனுப்பப் பார்க்கிறீர்கள். இதுவே என் குற்றச்சாட்டு. ஆனால் இம்மடல் உங்களுக்கு அன்று, அவளுக்கு. நீங்கள் அருகிருந்து கேளுங்கள்.

தோழியே!

நேற்று மதகடிப்பட்டில் பேருந்துக்காக நின்றேன். தொலைக்காட்சிப் பெட்டியை வாடகைக்கு விடும் பாய் கடையின் மேசைமேல் ஓர் ஒளிநாடா கிடந்தது. அதன் அட்டையில் நம் படத்தொடர்க் கோமளம் இருந்தாள். கொண்டை வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

“இன்னாக்கா, அப்பிடிப் பாக்குற? நல்ல சிரிப்புப் படம். ஞாயித்துக்கெழம ஒங்க ஏம்பலத்துக்குத்தான் போவுது” என்றார் பாய்.

“எவர் கேட்டது?”

“மேலத்தெரு கரும்புக்காரரு. செத்துப்போன தங்கச்சியோட பொண்ணு கோச்சிக்கினு வந்து குந்திக்கினு இருக்குதாம். மாப்ள வூட்டுக்காரங்களும் வராங்களாம். வேற நல்ல படம் தர்றேன்னேன். ‘வாணாம் பாய், இதான் வேணும். எங்க வூட்ல இது ஒரு தபா வேல செஞ்ச படம்’னாரு.”

கேட்டாயா? கரும்புக்காரர் என்று அவர் சொன்னது உன் அண்ணனை. வேலை செய்த படமாம்! காய்ச்சலுக்குக் கொடுத்த கசாயத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்கசாயத்தைக் குடித்தவள் நீ. உனக்கு அது என்ன வேலை செய்தது என்பதை நான் அறிவேன். ஆகவே எழுதுகிறேன்.

அந்த நாளில் கிழமை இதழ் நம்மூர்ப் படிப்பகத்துக்கு வரும். பெண்கள் அங்கே நுழைவதில்லை. நுழையக் கூடாது என்று எவரும் எழுதி வைக்கவில்லை, நுழைந்தவரும் இல்லை. ஊரார் படித்து ஓய்ந்த பிறகு உன் அண்ணன் இதழை வீட்டுக்குக் கொண்டுவருவார். கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டங்களில் ஒரு படத்தொடர். தீக்குச்சி உடம்பும் முகத்தைவிடப் பெரிய வாயுமாகத் தண்டபாணி. அவன் மனைவி கோமளம். சினம் ஏற ஏற அவள் கொண்டை உயரும். நான்காம் கட்டத்தில் அது கட்டத்தின் கோட்டையே முட்டும். தண்டபாணி மூன்று கட்டங்களுக்குப் பேசுவான். அவளுக்கு ஒரு வரி போதும்.

“என்னைப் போல் ஓர் ஆண்பிள்ளை இந்த ஊரிலேயே கிடையாது!” என்பான் அவன். “ஊர் பிழைத்தது” என்பாள் அவள்.

அப்பக்கத்தை நீ பிளேடால் நறுக்கி எடுப்பாய். பத்துப் பக்கம் சேர்ந்ததும் கோணி ஊசியால் தைப்பாய். நாற்று நட்டுத் திரும்பும் பெண்கள் சேற்றுக் காலோடு வந்து உன் வாசலில் குந்துவார்கள். நீ தண்டபாணிக்கு மூக்கால் பேசுவாய். கோமளத்துக்கு உன் குரலே போதும். “இன்னொரு தபா படி” என்பார்கள். நீ படிப்பாய். எழுத்தறியாத அப்பெண்கள் அந்த ஒற்றை வரிகளைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோய் எத்தனை தண்டபாணிகளிடம் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தியின் கணவன் படிப்பகத்துக்கு வந்து, “அந்தப் பொஸ்தகத்த நிறுத்துங்கயா, வூட்ல பேச முடியல” என்று முறையிட்டதை நினைத்தால், இவ்வளவு சினத்திலும் சிரிப்பு வருகிறது.

பிறகு உனக்குத் திருமணமாயிற்று. திருவாண்டார்கோயில் பக்கம், கரும்பு விளையும் வீடு. மூன்றாம் மாதம் திரும்பி வந்தாய். கரும்பு வெட்டலாம் என்று ஆலையிலிருந்து வெட்டுச்சீட்டு வந்தது கிழக்குக் கொல்லை வயலுக்கு. உன் கணவன் ஆட்களை மேற்குக் கொல்லையில் இறக்கிவிட்டான். கூழ் கொண்டுபோன நீ, “சீட்டு இதுக்கு இல்லியே” என்றாய். நீ சொன்னது சரி. சரியாக இருந்ததனால்தான் வெட்டாட்கள் அத்தனை பேர் முன்னும் உன்னை அறைந்தான்.

வந்த அன்றே உன் அப்பாவிடம் சொன்னாய்: “நான் வாழ மாட்டேன்னு சொல்லலப்பா. அவரு அதே ஆளுங்க முன்னாடி வந்து தப்புன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அன்னிக்கே போயிடறேன்.” நீ கேட்டது அவ்வளவே. ஒரே ஒரு வார்த்தை. உன் அப்பா அதில் தவறு காணவில்லை. “கேக்கட்டுமே, நாயமாத்தானே கேக்குது” என்று மாப்பிள்ளை வீட்டு ஆட்களை இருமுறை திருப்பி அனுப்பினார்.

அந்த மாதமே கோமளமும் வீட்டை விட்டுப் புறப்பட்டாள். ஆம், அதே மாதம். பேருந்தின் பலகணியில் அவள், கீழே தண்டபாணி. “போனால் போ! எனக்குச் சோறு வடிக்கத் தெரியாதா?” “அரிசி எந்தப் பானையில் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.” கீழே சிறிய எழுத்தில், ‘தொடரும்’. தொடரவில்லை. இதழே நின்றுபோயிற்று.

ஊர் உனக்குக் கோமளம் என்று பெயர் வைத்தது. “இன்னா கோமளம், தண்டபாணி வந்தானா?” என்பார்கள் களைபறிக்கும் பெண்கள். “எங்க வர்றது? இன்னும் அரிசிப் பானையத் தேடிக்கினு இருக்கான்” என்பாய். ஊரே சிரிக்கும். உன்னைப் பார்த்து அல்ல, உன்னோடு சேர்ந்து.

அப்போதுதான் பாகூர்க் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. மாட்டுவண்டியில் தட்டி கட்டி, துண்டறிக்கை வீசிப் போனார்கள். ‘கோமளம் என்ன ஆனாள்? முடிவை வெள்ளித்திரையில் காணுங்கள்!’ அத்துண்டறிக்கையைப் படித்த எவர்க்கும் ஐயமே எழவில்லை. இதழ் விட்ட இடத்திலிருந்து படம் தொடங்குகிறது, மீதிக் கதை அதில் இருக்கிறது என்றே எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன். புலவர் வகுப்பில் பயின்றவள், மேடை ஏறிப் பேசுகிறவள், நானும் நம்பினேன்.

நம்பியதோடு நின்றேனா? உன் அப்பாவை வற்புறுத்தி அழைத்தவளும் நானே. “வாருங்கள் அப்பா, உங்கள் மகள் செய்ததே சரி என்று கோமளமே வந்து சான்று சொல்லப் போகிறாள்” என்றேன். நீ என் இடுப்பில் இடித்து, “வூட்டுலயும் மைக்குதானாடி ஒனக்கு?” என்றாய். வண்டி கட்டிக்கொண்டு போனோம்.

மணல்தரையில் பெண்கள் பக்கம் நாம். இடுப்பளவுச் சுவருக்கு அப்பால் ஆண்கள் பக்கம் உன் அப்பா. முதற்பாதியில் கொண்டைக்குள் கம்பி வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். நடிகை வாயைத் திறக்குமுன் கொட்டகை கைதட்டிற்று. படச்சுருள் மாற்ற விளக்குப் போட்டதும் உன் அப்பா சுவர்மேல் எட்டி, “பாத்தியாம்மா, ஒன்ன மாரியே வாயி!” என்றார். அவ்வளவு பெருமையை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

விளக்கு அணைந்தது. கோமளம் பேருந்தை விட்டு இறங்கித் தாய்வீட்டில் காலை வைத்தாள். இடி இடித்தது. மாமியார் படுக்கையில் விழுந்தாள். ஒரு சோகப் பாட்டு. கம்பியை உருவிக் கொண்டையை அவிழ்த்து முதுகில் பரப்பிவிட்டார்கள். அவள் மழையில் நனைந்துகொண்டே திரும்பி ஓடினாள். தண்டபாணி, அந்தத் தீக்குச்சி, இப்போது மார்பு விரித்து வாசலில் நின்றான். அவள் அவன் காலில் விழுந்தாள். அவன் பெருந்தன்மையோடு தூக்கினான். ‘குடும்பம் ஒரு கோயில்’ என்று எழுத்துக் காட்டினார்கள்.

உன் வாசலில் குந்தி ‘இன்னொரு தபா படி’ என்ற அதே பெண்கள் முன்றானையை வாயில் வைத்து அழுதார்கள். நீ மட்டும் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

மறுநாள் காலை களத்தில் கூடினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பன் வந்திருந்தான், மாப்பிள்ளை வரவில்லை. ஊர்ப்பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “கதையே முடிஞ்சி போச்சி. அந்தக் கோமளமே போயி வுழுந்துட்டா. இதுக்கு மேல இன்னா பேச்சு?” என்றார்.

“அது படம் தாத்தா” என்றாய் நீ.

“படம்னா? பொஸ்தகத்துல வந்ததத்தானே எடுத்துக்கிறான். எய்தனவனுக்குத் தெரியாதா, ஒனக்குத் தெரியுமா?”

உன் அப்பா உன்னைப் பார்க்காமலே பேசினார். “வாணாம்மா. அந்த ஒரு வார்த்தய வுட்டுடு. ஊரே பாத்துடுச்சி. அழகா போயிடு.”

அப்போது நீ என் பக்கம் திரும்பினாய். “நீ சொல்லுடி. மேடையில பேசறவதானே. சொல்லு.”

நான் சொல்லவில்லை. அஞ்சி அல்ல. வரைந்தவரே அவளை வளைத்துவிட்டார் என்று நம்பி, அவர்மேல் சினந்து, அச்சினத்திலேயே வாயடைத்து நின்றேன். ஒரு கதைப்பெண் தோற்றுவிட்டாள் என்று துக்கம் காத்தவள், எதிரே நிற்கும் உயிருள்ள பெண்ணுக்காக ஒரு சொல் எடுக்கவில்லை. நீ அன்று மாலையே புறப்பட்டாய்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. விழுப்புரத்தில் ஒரு விழா. மேடையில் என் பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர், கோமளத்தை வரைந்தவர். நான் வணக்கம்கூடச் சொல்லாமல், “ஏன் அவளைக் காலில் விழ வைத்தீர்கள்?” என்று கேட்டேன். “கோமளத்த பஸ் ஏத்திவிட்டதோட சரிம்மா. அவ திரும்பி வந்ததா நான் ஒரு கோடுகூடப் போட்டதில்ல. படம் எடுத்தவங்க என்னைக் கேக்கவும் இல்ல” என்றார். விழா முடியும்வரை நான் இருக்கவில்லை. நேரே உன் ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

நீ மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாய். சொன்னேன். நீ நிமிராமலே பேசினாய். “இத்தச் சொல்லவா ஓடியாந்த? எனக்கு அப்பவே தெரியும்டி. கொண்டைய அவுத்துப் போட்டவ கோமளமா?”

“தெரிந்தும் ஏன் போனாய்?”

தவிட்டுக் கையோடு நிமிர்ந்தாய். “நீயே நம்பிட்ட. அப்புறம் நான் யாரக் கூட்டிக்கினு நிக்கறது?”

சினந்து சொல்லவில்லை நீ. இன்று மழை பெய்யவில்லை, விளக்கு அணையவில்லை என்பதுபோல இயல்பாகச் சொன்னாய். சொல்லிவிட்டுத் தொட்டிக்குத் திரும்பினாய். உன் கணவன் அந்த ஒரு வார்த்தையைக் கடைசிவரை சொல்லவில்லை. மூன்றாண்டுக்கு முன் மஞ்சட்காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போன பின் நீ ஒரு முறையேனும் மூக்கால் பேசிச் சிரித்தாயா என்று உன் மகளைக் கேட்டேன். “அம்மாவா? சிரிப்பாங்களா?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

ஒரு கேலிப்படத்தைக் குடும்பப் படமாக்குகிறோம் என்று கிளம்பியவர்களே, உங்களைக் கேட்கிறேன். நான்கு கட்டத்துக்குள் எவர்க்கும் அஞ்சாமல் நின்றவளை எடுத்துக்கொண்டீர்கள். அவள் பெயர் வேண்டும், அவள் கொண்டை வேண்டும், அவளுக்குக் கிடைத்த சிரிப்பு வேண்டும். அவள் முதுகெலும்பு மட்டும் வேண்டாவோ? இடைவேளைவரை அவள் துணிவை விற்றீர்கள். இடைவேளைக்குப் பின் அவள் தோல்வியை விற்றீர்கள். இரண்டுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு! ஒருத்தி குனிந்தால்தான் குடும்பம் நிமிரும் என்றால், அது குடும்பமா, கொட்டடியா?

தோழியே, இப்போது உன் மகளுக்கு வருகிறேன். தேன்மொழி என்று நான் பெயர் வைத்தேனே, அவள் ஆசிரியப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. படிப்பை முடிக்கலாம் என்று வாக்களித்துத்தான் பெண் எடுத்தார்கள். மணமான பின், ‘படித்தது போதும்’ என்றார்கள். தேர்வுச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மாமன் வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று அவளைப் பார்த்தேன். “பத்து நாள் பரீட்ச பெரிம்மா. எழுதிட்டு நானே போயிடறேன். யாரும் கொண்டாந்து வுட வாணாம்” என்றாள். ஞாயிறு கழிந்து வரும் புதன்கிழமை தேர்வு தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை படம். திங்கட்கிழமை காலை அவளை அழைத்துப் போக வண்டி சொல்லியாயிற்று.

‘நான் யாரக் கூட்டிக்கினு நிக்கறது?’ என்ற உன் கேள்வியைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுமக்கிறேன். நூறு மேடைகளில் பெண்ணுரிமை முழங்கினேன். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அது எனக்கு முன்னால் நின்றது. உன்னிடம் அதற்கு விடை சொல்லும் நாள் போய்விட்டது. உன் மகளிடம் சொல்லும் நாள் போகவில்லை.

ஏம்பலத்தாரே! அன்று களத்தில் நான் பேசாத பேச்சை இப்போது பேசுகிறேன். கோமளம் திரும்பி வரவில்லை. வரைந்தவர் வாயாலேயே கேட்டேன். அவள் பெயரைச் சொல்லி நீங்கள் கொடுத்த தீர்ப்பு அன்றும் செல்லாது, இன்றும் செல்லாது. இதைக் கேட்டு முடித்த கையோடு எழுந்திருங்கள். பத்துப் பேர் மேலத்தெருவுக்கு நடங்கள். கரும்புக்காரர் சொல்லிவைத்த வண்டியை வேண்டாமென்று சொல்லச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் வரட்டும். படத்துக்கு வேண்டா, பேச்சுக்கு வரட்டும். தேன்மொழி நடுவில் உட்காரட்டும். அவள் அருகில் நான் உட்காருவேன். மற்றொரு பக்கம் உட்கார உங்களில் ஒருத்தி வாருங்கள். தேர்வு முடியும்வரை இப்பெண்ணை எவரும் இவ்வூர் எல்லை தாண்டி அழைத்துப் போகக் கூடாது என்று, உங்கள் வாயால், அவள் கேட்கும்படி, இன்றே சொல்லுங்கள்!