ஒலிபெருக்கியில் அப்பாவின் பெயர்

குருநகர்,
12.01.2024

அன்பு மகள் வசந்தினிக்கு,

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் நல்ல சுகம், நீயும் மருமகனும் அந்த நோர்வேப் பனிக்குள் சுகமாயிருக்க ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறேன். அப்பா போனில் கதைக்கும்போது உனக்குச் சொல்லாமல் மறைக்கிற ஒரு விஷயத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மாரியில் கடல் இப்போது வருசா வருசம் வீதிவரை ஏறுகிறதல்லவா, அதை விளக்க அனர்த்த நிலையத்தில் உத்தியோகம் பார்க்கிற ஷெரோன் என்ற பெண்பிள்ளை பங்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தது. காலநிலை மாற்றம், இசைவாக்கம் என்று படம் போட்டுக் காட்டக் காட்ட ஆண்கள் பாதிப்பேர் நித்திரை. நான் எழும்பி, "பிள்ளை, உப்பிடிச் சொன்னால் ஆருக்கு விளங்கும்? தண்ணி ஆரின்ரை வீடுவரைக்கும் வரும், வள்ளத்து எஞ்சினை எப்ப கழட்ட வேணும் எண்டு சொல்லு" என்றேன். அது கோபிக்கவில்லை, "அப்ப நீங்களே சொல்லுங்கோ அன்ரி" என்றுவிட்டது. அன்றிலிருந்து எச்சரிக்கை வந்தால் அந்தப் பிள்ளை எனக்குப் போன் எடுத்து விளக்கும், நான் கோயில் ஒலிபெருக்கியில் எங்கடை பேச்சில் சொல்லுவேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் காலை அப்படித்தான், மத்தியானத்துக்குப் பிறகு காற்று மாறும், தண்ணீர் லூர்த்தம்மா வீட்டு மதிலடிக்கு வரும், ஒருவரும் தொழிலுக்குப் போகவேண்டாம் என்று சொன்னேன். வானம் வெளித்துக் கிடந்ததால் அப்பா கேட்கவில்லை, வள்ளத்தைத் தள்ளத் தொடங்கிவிட்டார், அவரைப் பார்த்து இன்னும் ஒன்பது வள்ளம். முப்பத்தொரு வருசமாக அவரை "இஞ்சருங்கோ" என்று மட்டும் கூப்பிட்ட நான், "பிலிப்பு, வள்ளத்தைக் கரைக்கு இழுங்கோ, எஞ்சினைக் கழட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வாங்கோ" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். கரை முழுக்கச் சிரிப்பு. அப்பா வெட்கத்தில் வள்ளத்தைத் திருப்பினார், மற்றவர்களும் சிரித்துச் சிரித்தே இழுத்தார்கள். மூன்று மணிக்குக் கடல் ஏறியது. வலை வைக்கிற வாடி இரண்டு அடிபட்டுப் போனது, ஆட்களுக்கும் வள்ளங்களுக்கும் ஒன்றுமில்லை.

இரண்டு நாள் அப்பா என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "என்னை மட்டும் கூப்பிட்டது சரியில்லை, இனி எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடு" என்றார். பிறகு தானே ஒரு கொப்பி வாங்கி, கரையில் தொழில் செய்கிற நாற்பத்திரண்டு பேரின் பெயரையும் எழுதித் தந்தார். முதலாவதாகத் தன்ரை பெயரைத்தான் எழுதியிருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியில் போ. ஆடித் திருநாளுக்கு வருவதென்றால் முன்கூட்டியே அறிவி. அப்பாவிடம் இதைக் கேட்டு விடாதே, ஒன்றும் தெரியாத மாதிரி இரு. ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக.

உனக்காக மன்றாடும் அம்மா,
பி. அருமைநாயகி